எடுத்த பணியை முற்றுவித்த பெருந்தகை

சிவமயம்

திருப்பணிக்குப் பொருளுதவிய செல்வர்களும், உடலுழைத்த தொண்டர்களும், முன்னின்று நடத்திய பெருமக்களும் ஒருங்கே உளம் குளிரும் நாள் குடமுழுக்கு நன்னாளாகும். கலசத்தின்மேல் திருமஞ்சன நீர் வீழும்பொழுது காண்பார் கண்ணீர் பெருக்குவதற்குப் பத்திமை ஒன்றே காரணமன்று. எடுத்த பணி இனிது முடிந்ததே என்னும் நிறைவும் அதனுள் கலந்திருக்கின்றது. பாலாலயம் செய்து, சாரம் கட்டி, பின்னர் அச்சாரம் மழையிலும் வெயிலிலும் இற்றுப்போகும்வரை பணி நின்றுவிட்ட கோயில்களும் நாட்டில் உண்டு என்பதை அன்பர்கள் அறிவார்கள். ஒரு பணியைத் தொடங்குதற்கு ஒரு நாளை ஆர்வம் போதும். அதனை முடித்தற்கோ அவ்வார்வம் குன்றிய நாள்களிலும் நம்மை நிறுத்தி வேலை கொள்ளும் ஒன்று வேண்டும்.

அது யாது என்பதை உத்தரமேரூர் மக்களுக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முதற் பராந்தக சோழனுடைய 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அஃதாவது கி. பி. 919, 921ஆம் ஆண்டுகளில், இவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடுகள் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் கல்லெழுத்தாக விளங்குகின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, குடவோலை வாயிலாக வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த முறையை உலகமே வியந்து பேசுகின்றது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றில் அமர்தற்குரியார்க்கு நிலமும் மனையும் கல்வியும் நல்லொழுக்கமும் வேண்டும் என்று விதித்த சபையார், மற்றொன்றையும் விதித்தனர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாது விட்டவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பணிக்கு உரியராகார் என்பது அவ்விதி. ஏரியின் கரை உடையாமல் இருந்ததற்கு மண்ணும் கல்லும் மட்டுமா காரணம்? ஆண்டின் இறுதியில் கணக்குக் கேட்பார் உளர் என்னும் நினைவும் காரணமன்றோ!

ஆயின், ஊர்ப்பணிக்குச் சபை உண்டு. திருப்பணிக்குக் குழு உண்டு. தனியொருவர் தம் மனத்தளவில் மேற்கொண்ட பணிக்குக் கணக்குக் கேட்பார் யார்? ஒரு நூலைப் படித்து முடிப்பேன், ஒரு நூலை எழுதி முடிப்பேன், என் ஆசிரியர்க்குச் செய்ய வேண்டிய கடனைச் செய்வேன் என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டவர், அதனைச் செய்யாது விட்டால் எந்தக் கல்வெட்டும் அவரை விலக்கப் போவதில்லை. இவ்வினாவிற்கு விடையாக ஒருவருடைய வாழ்வை இங்கே சுருங்கக் கூற விரும்புகின்றோம். உத்தரமேரூரை உள்ளிட்ட பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தில் 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்த மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களே அப்பெருந்தகையார்.

ஆசிரியரின் அரங்கேற்றம்

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்பிரவரி 19ஆம் நாள் பிறந்தார்கள். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவர்கள் ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர். வறுமை மிக்க குடும்பம். எனினும் மகனுடைய தமிழ் வேட்கையை அறிந்து, ஊர்தோறும் ஆசிரியரைத் தேடி அலைந்தவர் அத்தந்தையார். இறுதியில் 1871ஆம் ஆண்டில், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மகனை ஒப்புவித்தார். பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கியவர்கள். அவ்வாற்றால் ஐயரவர்களுக்கும் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரவர்களின் அருள்நோக்குக் கிடைத்தது.

பிள்ளையவர்கள் பாடிய தலபுராணங்கள் பல. ஓர் ஊரார் தம் தலத்துக்குப் புராணம் வேண்டுமென்று விண்ணப்பித்தால், நன்னாளில் தொடங்கி, திருக்கோயிலில் அன்பர் கூட்டத்தின் முன் பகுதி பகுதியாக அரங்கேற்றுவார்கள். திருப்பெருந்துறைப் புராணம் பாடப்பட்டபோது ஏடும் எழுத்தாணியும் ஏந்தி உடனிருந்தவர்களுள் ஐயரவர்களும் ஒருவர். நூல் முழுவதும் முற்றுப்பெறுமுன்பே அரங்கேற்றம் தொடங்கிவிடுவதும் உண்டு. நாளை கேட்பதற்கு ஊரார் வந்து அமர்வார்கள். ஆகவே நாளைக்குரிய செய்யுள்கள் இன்று ஆயத்தமாதல் வேண்டும். உடல் நலிந்தாலும் உள்ளம் சோர்ந்தாலும் அரங்கம் காத்திராது. பிள்ளையவர்கள் அத்தனை நூல்களைப் பாடியமைக்கு அவர்களுடைய புலமை முதற்காரணம். அன்றாடம் செவிசாய்த்து அமர்ந்திருந்த அடியார் கூட்டம் துணைக்காரணம். இதனை இளமையிலேயே கண்டறிந்த மாணவர் பிற்காலத்தில் அதனைத் தம் வாழ்வின் முறையாகவே கொண்டார்.

1876ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் சிவபதம் எய்தினார்கள். அந்த இறுதி வேளையில் திருவாசகத்து அடைக்கலப்பத்தை அருகிருந்து ஓதியவர் ஐயரவர்களே. அன்று அவர் உள்ளத்தில் ஒரு கடன் பதிந்தது. தம் ஆசிரியர் வரலாற்றை உலகறிய எழுதுதல் என்பது அக்கடன். அதனை வாயெடுத்துக் கேட்டவர் எவருமிலர். அது நிறைவேறிய காலத்தைப் பின்னர்க் காண்போம்.

கற்பிக்க உடன்பட்ட நூல்

ஆசிரியர் மறைந்தபின் ஐயரவர்கள் தேசிகரவர்களிடம் கற்றும், மடத்து மாணவர்க்குக் கற்பித்தும் வந்தார்கள். பிள்ளையவர்களின் மாணாக்கராகிய தியாகராச செட்டியாரவர்கள் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். தாம் ஓய்வு பெற்றபோது அப்பதவியை ஐயரவர்களுக்கு அமையுமாறு செய்தார். அது 1880ஆம் ஆண்டின் தொடக்கம். பிற்காலத்தில் சென்னைத் திருவேட்டீசுவரன்பேட்டையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு ஐயரவர்கள் தியாகராச விலாசம் என்று பெயரிட்டமை அந்நன்றிக்கு அறிகுறியாகும்.

அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரவர்களை ஐயரவர்கள் கண்டார்கள். யாது கற்றிருக்கிறீர் என்று முதலியார் வினவ, ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கலம்பகங்களையும் புராணங்களையும் அடுக்கிக் கூறினார்கள். முதலியார் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. சீவகசிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கற்றதுண்டா என்பதே அவர் அறிய விரும்பியது. அந்நூல்களின் ஏடுகள் கிடைக்கவில்லை என்றும், கிடைத்தால் பாடம் சொல்ல இயலும் என்றும் ஐயரவர்கள் விடையிறுத்தார்கள். முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொணர்ந்து கையிற் கொடுத்துவிட்டார்.

எண்ணிப் பார்க்குமிடத்து இஃது எத்துணைத் துணிவு! தாம் ஒருமுறையும் படித்திராத நூலை, கூர்த்த மதியுடைய ஒருவர்க்குக் கற்பிப்பதாக உடன்பட்டார்கள். அதனால் விளைந்த நன்மையே அளவிறந்தது. முதலியார் வந்து அமர்வதற்குமுன் அன்றைய பகுதியைத் தாம் அறிந்திருத்தல் வேண்டும். நச்சினார்க்கினியர் உரையில் பெயர் கூறாது எடுத்தாளப்பெற்ற மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தன என்பது விளங்கவில்லை. சமண சமயக் கருத்துகளும் விளங்கவில்லை. தெரியாது என்று நூலை மூடிவைக்க வழியில்லை. கேட்பவர் எதிரே இருந்தார். ஆகவே கும்பகோணத்திலிருந்த சமண அன்பர்களை நாடிச் சென்றார்கள். சந்திரநாத செட்டியார் என்பவர் துணைநின்றார். ஐயரவர்கள் முதன்முதல் சென்ற சமணர் இல்லத்தில் தோரணம் கட்டப்பெற்றிருந்தது. சிந்தாமணியைத் தொடர்ந்து பலநாள் படித்து அன்றுதான் நிறைவு செய்தனர் என்றும், அதன் பொருட்டு நிகழ்ந்த விழாவே அது என்றும் அறிந்து வியந்தார்கள். ஒரு நூலைப் படித்து முடித்ததற்குத் தோரணம் கட்டிய அக்குடும்பத்தார் நமக்கும் ஆசிரியராகத் தக்கவர்கள். கோயிலுக்கு மட்டுமன்று, எடுத்த எந்நற்பணிக்கும் முற்றுப்பெறும் நாளன்று ஒரு விழா உரியதன்றோ!

திருநீறணிந்து சைவ மடத்தில் வளர்ந்த ஒருவர் சமண நூலில் உழைப்பது தகுமோ என்று ஐயுற்றாரும் அக்காலத்து இருந்தனர். ஐயரவர்கள் தம் சமயத்தில் அணுவளவும் நெகிழவில்லை. தமிழ்ச் செல்வம் எவ்வில்லத்தில் இருப்பினும் அது தமிழன்னையின் அணியே என்னும் தெளிவினால் அப்பணியில் நின்றார்கள்.

கையொப்பம் என்னும் கட்டு

முதலியாரவர்கள் பின்னர்ச் சென்னைக்குச் சென்று வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார்கள். ஆயினும் சிந்தாமணியை அச்சிட்டு வெளிப்படுத்த வேண்டும் என்னும் தூண்டுதலை அவர்கள் விடவில்லை. ஏடு தேடுதல், பல பிரதிகளை ஒப்புநோக்குதல், பாடவேறுபாடுகளைக் குறித்தல், உரையையும் மூலத்தையும் பிரித்தறிதல் என்று ஆண்டுகள் கழிந்தன. கல்லூரி வேலையோ ஒருநாளும் குறையவில்லை. இத்தகைய நிலையில்தான் பணிகள் பெரும்பாலும் பரணுக்குச் செல்லும்.

அந்நாளில் தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள், சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்குமாறு தம்மிடம் தந்துவிடும்படி ஐயரவர்களைக் கேட்டார்கள். பெரியவர், பதிப்புத் துறையில் கைதேர்ந்தவர். அவர் கையில் ஒப்புவித்துவிட்டால் பாரம் நீங்கிவிடும். களைத்த உள்ளத்திற்கு அவ்வழி இனியதாகத் தோன்றுதல் இயல்பே. எனினும் பல்லாண்டு பாடுபட்டதனைத் தாமே முற்றுவித்தல் வேண்டும் என்னும் உறுதியே இறுதியில் வென்றது. இதனால் தாமோதரம் பிள்ளையவர்களின் பெருமைக்கு ஒரு குறைவும் இல்லை. அழிந்துபோக இருந்த நூல்களைக் கரையேற்றிய முன்னோடி அவர்கள்.

அச்சுச் செலவுக்கு ஐயரவர்களிடம் பொருளில்லை. ஆகவே நூல் வெளிவருமுன்னரே அதனைப் பெற்றுக்கொள்வதாக அன்பர்கள் கையொப்பமிட்டு உதவும் முறையை மேற்கொண்டார்கள். முதலியாரும் சென்னையில் துணைசெய்தார்கள். கையொப்பம் என்பது பணம் திரட்டும் வழியாக மட்டும் நமக்குத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் அது தம்மைத் தாமே கட்டிக்கொள்ளும் கயிறு. கையொப்பமிட்ட ஒவ்வொருவரும் நூல் எப்போது வரும் என்று கேட்கும் உரிமை பெற்றுவிடுகின்றார். இனிப் பின்வாங்குதல் இயலாது. விடுமுறைக் காலங்களில் சென்னை சென்றும், கல்லூரி நாள்களில் தபாலில் வந்த புரூப்புகளை இரவெல்லாம் திருத்தியும் பாரம் பாரமாக நூலை நடத்தி, 1887ஆம் ஆண்டில் திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்திலிருந்து சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார்கள். முதலியார் பிரதியைக் கையிற் கொடுத்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

தீயிற் சென்ற ஏடுகள்

ஏன் இத்துணை விரைவும் கவலையும் என்று சிலர் கருதக்கூடும். அடுத்த ஆண்டிற் செய்யலாம் என்று பணியைத் தள்ளிவைத்தல் எல்லார்க்கும் இயல்பு. ஐயரவர்களுக்கு அது பொருந்தாமைக்குக் காரணம் உண்டு.

பாண்டி நாட்டுக் கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏட்டுச் சுவடிகள் மிகுதியாக இருந்தன என்று கேள்வியுற்று, ஐயரவர்கள் அங்கே சென்றார்கள். அவை குப்பையாகக் கிடந்தமையால், பழுதுற்ற ஏடுகளுக்கு ஆகமத்திற் சொல்லியபடி, நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக ஆங்கிருந்தோர் தெரிவித்தார்கள். அவர்கள் தீங்கு கருதிச் செய்தவர்கள் அல்லர். சாத்திரத்தைப் போற்றியதாகவே எண்ணினர். ஆனால் அத்தீயில் எந்த நூல்கள் மறைந்தன என்பதை இனி எவரும் அறிதற்கில்லை. குடமுழுக்கைச் சிறப்பிக்கும் இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் இந்நிகழ்ச்சியைச் சிறிது நின்று நினைக்க வேண்டுகின்றோம். திருப்பணியின்போது கோயில் அறைகளிலும் பண்டாரத்திலும் பழைய ஏடோ, செப்பேடோ, எழுத்துள்ள கல்லோ அகப்படுமாயின், அறிந்தார் ஒருவரைக் காட்டாமல் அப்புறப்படுத்தலாகாது.

காலம் தாழ்த்த பணி பல வேளைகளில் தாழ்ந்த பணியாக நிற்பதில்லை, இல்லாத பணியாகவே ஆகிவிடுகின்றது. இதனைக் கண்ணாரக் கண்டவர் ஐயரவர்கள். ஆகவே 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

கேட்டவர் மறைந்த பின்

1892ஆம் ஆண்டில் இராமசாமி முதலியாரவர்கள் 40 வயதும் நிரம்பாமல் காலமானார்கள். மூன்று நூல்களைச் சுட்டிக் கேட்டவர் அவர். மணிமேகலை அப்போது வெளிவரவில்லை. கேட்டவர் போய்விட்டார், கேளாத ஒன்றைக் கொடுத்தற்கு என்ன கட்டாயம் உண்டு?

மணிமேகலையோ மூன்றனுள்ளும் கடியது. பௌத்த சமயம் தமிழ்நாட்டிலிருந்து நெடுங்காலத்திற்கு முன்பே நீங்கிவிட்டது. சிந்தாமணிக்குச் சமண அன்பர்கள் உதவியதுபோல, மணிமேகலைக்கு உதவப் பௌத்தக் குடும்பம் ஒன்றும் அருகில் இல்லை. பழைய உரையும் இல்லை. ஆயினும் ஐயரவர்கள் விடவில்லை. கும்பகோணம் கல்லூரியில் இருந்த மளூர் ரங்காசாரியரவர்கள் ஆங்கில நூல்களிற் கண்ட பௌத்தக் கொள்கைகளை எடுத்து விளக்க, அவற்றைக் கொண்டு ஐயங்களைத் தீர்த்து, தாமே அரும்பதவுரை எழுதி, 1898இல் மணிமேகலையை வெளியிட்டார்கள். முதலியாரை முதன்முதல் கண்ட நாளிலிருந்து பதினெட்டாம் ஆண்டில், அவர் கேட்ட மூன்றும் நிறைந்தன. கேட்டவர் இல்லாதபோதும் அவர் கேள்வி ஐயரவர்கள் உள்ளத்தில் இருந்துகொண்டே இருந்தது.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று 1919இல் ஓய்வுபெற்றார்கள். ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், பெருங்கதை என்று பதிப்புகள் தொடர்ந்தன. 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும் 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தெய்தின. இனி ஓய்ந்திருக்கலாம் என்று உலகம் கூறும் நிலை.

அந்நிலையில்தான் பழைய கடன் தீர்க்கப்பெற்றது. 1876ஆம் ஆண்டில் அடைக்கலப்பத்து ஓதிய நாளில் உள்ளத்திற் பதிந்த அக்கடன், செய்திகளைத் திரட்டித் திரட்டி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரமாக, 1933இல் முதற்பாகமும் 1934இல் இரண்டாம் பாகமும் வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வளவு காலமும் அதனைக் கேட்பாரில்லை. எழுதாது விட்டிருந்தால் குறைகூறுவாரும் இல்லை. பிறர் கேட்கப் பழகிய உள்ளம், பின்னர்த் தன்னைத் தானே கேட்கும் உள்ளமாக முதிர்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1937இல் தம் 82ஆம் அகவையில் குறுந்தொகையைத் தாம் எழுதிய உரையுடன் பதிப்பித்ததும் அம்முதிர்ச்சியின் பயனே.

நிலுவையில்லா வாழ்வு

1940ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஐயரவர்கள் தம் வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் வாரந்தோறும் எழுதிவந்தார்கள். அப்போது அகவை 84 நிறைந்துகொண்டிருந்தது. ஆசிரியர் அரங்கேற்றத்தில் ஊரார் காத்திருந்தவாறே, இங்கே தமிழகம் முழுதும் வாரந்தோறும் காத்திருந்தது. உலகப் போரின் காரணமாகச் சென்னையில் அச்சம் பரவவே, 1942இல் திருக்கழுக்குன்றத்தில் சென்று தங்கினார்கள். வேதகிரிப் பெருமான் மலையடியிலேயே அவர்கள் வாழ்வு நிறைந்தது.

என் சரித்திரம் என்னும் அவ்வரலாறு மணிமேகலைப் பதிப்பின் காலத்தை ஒட்டி நின்றுவிட்டது. பின்னைய 40 ஆண்டு வரலாறு அவர்கள் கையால் எழுதப்பெறவில்லை. 1950இல் அந்நிலையிலேயே அது நூலாக வெளிவந்தது. எடுத்ததையெல்லாம் முடித்தவருக்கும் ஒன்று முடியாமல் நின்றதே என்று இரங்குவார் இரங்குவர். யாம் அதனைக் குறையாகக் கருதவில்லை. வாரந்தோறும் கொடுக்க வேண்டியதை வாரந்தோறும் கொடுத்துவந்தவர் அவர். பணி முடியாமல் நிற்பது வேறு, நிலுவை வைப்பது வேறு. உயிர்க்கு எல்லை வகுத்தவன் இறைவன். அவ்வெல்லைக்குள் அன்றன்றைக் கணக்கை அன்றன்றே தீர்த்தல் மனிதர் கடன்.

இவ்வரலாற்றிலிருந்து அன்பர்கள் கொள்ளத்தக்கவை சில உள. நற்பணி ஒன்றை எண்ணினால் அதனை நெஞ்சினுள் மறைத்துவையாது, கேட்கத்தக்க ஒருவரிடம் கூறுக. தேவாரத் திருப்பதிகங்களை முறையாக ஓதி முடிக்க விரும்புவோர் உடன் ஓதுவார் ஒருவரைத் தேடிக்கொள்க. ஊர் வரலாற்றை எழுத எண்ணுவோர் திங்கள்தோறும் ஒரு பகுதியைக் கோயில் மண்டபத்தில் படித்துக் காட்டுக. குடும்பத்தார் நேர்ந்துகொண்ட அறம் நின்றிருந்தால், அதற்கு ஒரு நாளைக் குறித்து ஊரறியச் சொல்லுக. முகூர்த்தம் குறித்த பின்னரே சிற்பியின் உளியும் விரைந்து நடக்கின்றது என்பதை இத்திருப்பணியில் ஈடுபட்டோர் நேரிற் கண்டிருப்பார்கள்.

குடமுழுக்குடன் கோயிற்பணி முடிந்துவிடுவதில்லை. நாளை விடியற்காலத்துத் திருவிளக்கும், திருப்பள்ளியெழுச்சியும், மதிலில் முளைக்கும் ஆலங்கன்றைக் களைதலும் காத்திருக்கின்றன. யாகசாலைப் பந்தல் பிரிக்கப்பெற்று, வந்தோர் ஊர் திரும்பிய பின்னர் அவற்றைக் கேட்பார் குறைவு. பிறர் கேட்கும்போது செய்த தொண்டைக் கேளாதபோதும் செய்யும் உள்ளத்தை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்கின் அருமையைக் கல்லில் எழுதிவைத்த இவ்வூரார்க்கு எல்லாம்வல்ல சிவபரம்பொருள் குறைவின்றி அருள்புரிவாராக.

திருச்சிற்றம்பலம்